இல்லாத பன்னிரண்டு நாய்கள்

1

இந்தக் கதை ஒரு மொட்டைப் பெட்டிசத்தில், பெயர் போடாத ஒரு முறைப்பாட்டுக் கடிதத்தில், பிறந்தது. அந்தப் பெட்டிசத்தை எழுதியவன் நான். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று வைத்தால் கடைசிவரை சொல்லமாட்டேன், என்னை எனக்குத் தெரியும்.

ஏறாவூரில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. போட்டோக் கொப்பி எடுப்பேன், தட்டச்சு செய்வேன், விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன். முப்பது வருஷம் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் காணி உறுதி தட்டச்சு செய்தவன். கதையும் எழுதுகிறவன். மூன்று தொகுதி வந்திருக்கிறது, வாங்காதவர்கள் நிறையப் பாராட்டியிருக்கிறார்கள். மரண அறிவித்தல், கலியாண வாழ்த்து, அதிபருக்கு எதிரான பெட்டிசம், அதே அதிபரின் பிரியாவிடைக்கு வாழ்த்து மடல், எல்லாம் இந்த ஒரே கைதான். பெட்டிசம் எழுதுகிறவன் யாருக்காக எழுதினான் என்று வெளியே சொல்வதில்லை. அது எங்கள் தொழிலின் மானம்.

போன வருஷம் தை மாதம் அன்னப்பூரணி வந்தார். தன்னாமுனைக்குப் பக்கத்தில், வாவிக் கரையில் முடிகிற ஒரு ஒழுங்கையில் இருப்பவர். வீட்டில் கணிதம் படிப்பிக்கிறார், நாலைந்து தாரா வாத்தும் வளர்க்கிறார். அடுத்த வளவில் எவ்லின் என்ற, போர்த்துக்கேய வழிவந்த பறங்கிப் பெண் அல்சேசன் நாய் வளர்த்துக் குட்டி விற்கிறார். குரைக்கிற சத்தத்தில் பிள்ளைகளுக்குச் சமன்பாடு ஏறுவதில்லை. ஒரு நாய் வேலிக்குள்ளால் நுழைந்து இரண்டு தாராவைக் கடித்துப்போட்டது. நியாயமான முறைப்பாடுதான்.

"எத்தின நாய் இரிக்கும்?" என்று கேட்டேன்.

"ஆர் நானா எண்ணின? குரைக்கக்குள்ள பத்துப் பதினஞ்சு மாதிரிக் கேக்கும்."

நான் பதினேழு என்று எழுதினேன்.

ஏன் பதினேழு? பத்து என்றால் குத்துமதிப்பு. பன்னிரண்டு என்றால் டசின் கணக்கு. இருபது என்றால் புளுகுகிறான். பதினேழு என்று போட்டால், யாரோ வேலி ஓரத்தில் நின்று விரல் மடக்கி எண்ணியிருக்கிறார்கள் என்று வாசிக்கிறவருக்குத் தோன்றும். உண்மையில் நான் அந்தப் படலைக்கு அப்பால் கால் வைத்ததே இல்லை. நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவவேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். அந்தச் சிரமத்துக்குப் பயந்து வெளியில் நின்றே கதைத்துவிட்டு வந்துவிடுவேன். எவ்லினோடு எனக்கு ஒரு கோபமும் கிடையாது. கோபம் இருந்திருந்தால் இப்போது சொல்ல ஒரு காரணமாவது இருந்திருக்கும். வசனம் நன்றாக வந்தது, அதனால் எழுதினேன். கீழே 'பாதிக்கப்பட்ட அயலவர்கள்' என்று போட்டு, பெயர் இல்லாமல் உள்ளூராட்சிச் சபைக்கு அனுப்பினோம்.

சபை அமர்வில் அதை எழுந்து நின்று வாசித்தார்களாம். நாய் வளர்ப்புப் பற்றி ஏற்கெனவே வேறு முறைப்பாடுகளும் கிடந்தன. மனதில் தங்கியது என்னுடையதுதான். வருஷம் முடிவதற்குள் உபவிதி வந்தது. ஒரு வீட்டில் மூன்று நாய்க்கு மேல் கூடாது. குட்டி போடவைத்து விற்க அனுமதிப்பத்திரம் வேண்டும். அது உள்ளவர் ஐந்து வரை வைக்கலாம், ஒரு பெட்டைக்கு வருஷத்துக்கு ஒரு ஈற்று. சட்டத்தை நான் பிழை சொல்லமாட்டேன். சந்திக்குச் சந்தி நாய் படுத்திருக்கிற நாட்டில் இப்படி ஒன்று வேண்டியதுதான்.

(எந்தச் சபை என்று கேட்காதீர்கள். கதையில் அது வெறும் 'சபை'. இதற்குமேல் ஒருவரையும் மாட்டிவிட எனக்குத் தெம்பில்லை.)

2

தொடக்கங்கள். இன்று சுபஹு தொழுதுவிட்டுக் கடையைத் திறந்ததிலிருந்து எழுதி எழுதி விட்டவை:

வாவியின்மேல் காலை வெயில் மெல்ல —

விட்டுவிட்டேன். மட்டக்களப்பில் எவன் கதை எழுதினாலும் வாவியில் வெயில் விழுந்துவிடுகிறது.

எவ்லினுக்கு நாய்கள் என்றால் பெற்ற பிள்ளைகள் மாதிரி —

இதுவும் பிழை. நேற்று நான் இதை வாயால் சொன்னபோதே அவருக்குக் கோபம் வந்தது. "பிள்ளை எண்டா டரல். அவன் அவுஸ்திரேலியாவில இருக்கான், ஞாயித்துக்கிழமை கோல் எடுப்பான். நாய் நாய்தான் நானா. வீட்டுல நிக்கும், சொன்னாக் கேக்கும்."

என் பக்கத்தில் நின்று சொன்னால் நியாயம் கற்பிக்கத் தொடங்கிவிடுவேன். ஆகவே எவ்லினின் பக்கத்தில் நின்று சொல்கிறேன். நேற்று அவர் இந்தக் கடையில் இருந்து மூன்று மணித்தியாலம் சொன்னதுதான் கதை. அவர் சொல்லாததை நான் போட்டால் அடைப்புக்குள் போடுகிறேன். இத்தனை காலம் எழுதியதில் இந்த ஒழுங்கை ஒருநாளும் கடைப்பிடித்ததில்லை. இனியாவது பார்ப்போம்.

இன்னொன்று: கதையில் 'அவள்' என்று எழுதுகிறேன். நேரில் அப்படிச் சொல்லமாட்டேன்.

3

சபையின் பரிசோதகர் பர்ஸானா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வந்து பார்க்கும்படி எழுதியதே எவ்லின்தான். உபவிதி வந்ததும் அனுமதிக்கு விண்ணப்பித்தவர்களில் அவள் இரண்டாவது ஆள். புருஷன் செத்ததிலிருந்து அவளுடைய சீவியம் அந்தக் குட்டிகள்தான். முதல்நாளே ஐந்து நாய்களையும் குளிப்பாட்டி, ஐந்து தடுப்பூசி அட்டைகளையும் மேசையில் வரிசையாக வைத்திருந்தாள். கிங், ரீட்டா, மோனா, பிரின்ஸ், புளோரா. புளோராவுக்கு வயிறு இறங்கியிருந்தது, இன்னும் மூன்று கிழமை.

(மேசைக்குப் புதுத் துணி விரித்திருப்பாள் என்று நினைக்கிறேன்.)

பர்ஸானாவுக்கு ஒரு வேலைமுறை இருந்தது. ஒரே நாயை இரண்டு தரம் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, எண்ணுகிற ஒவ்வொரு நாயின் கழுத்திலும் சிவப்பு ரிபன் ஒன்றைக் கட்டச் சொல்வாள். ரிபனைக் கந்தோரிலேயே துண்டு துண்டாக வெட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். படலைக்கு வெளியே நின்றபடி ஒவ்வொன்றாக நீட்டினாள், எவ்லின் வாங்கிக் கட்டினாள். ஐந்தும் முடிந்தது.

"மத்த நாயளையும் கொண்டு வாங்க மிஸ்."

"மத்த நாயா? இவ்வளவுதான் மகள்."

"இல்லயே." பர்ஸானா கையைத் திறந்து காட்டினாள். "பதினேழு துண்டு வெட்டிக் கொண்டு வந்தன். இன்னம் பன்ரெண்டு கிடக்கி."

எவ்லின் சிரித்தாள். அது பிழையாகப் போயிற்று. பர்ஸானாவின் முகம் இறுகியது. கோப்பைத் திறந்து வாசித்தாள்: 'மேற்படி வளவில் பதினேழு நாய்கள் பட்டினியில் கட்டிவைக்கப்பட்டுள்ளதை நாம் கண்ணாரக் கண்டுள்ளோம்.'

"ஆர் கண்ட?" என்று கேட்டாள் எவ்லின்.

"அது சொல்ல ஏலா. கண்ணாரக் கண்டெண்டு எழுதியிரிக்கி."

பிறகு அபாயாவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பர்ஸானா உள்ளே வந்தாள். நாய்களைக் கட்டச் சொல்லிவிட்டுக் கோழிக்கூட்டைப் பார்த்தாள், குளிக்கிற அறையைத் திறந்தாள், கரையில் கவிழ்த்துக் கிடந்த தோணிக்குக் கீழே குனிந்து பார்த்தாள். குசினிச் சுவரோரம் அலுமினியக் கோப்பைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றை எண்ணினாள்.

"அஞ்சு நாய்க்கு ஒம்பது கோப்பையா?"

"போன வருசத்துக் குட்டியளுக்கு வெச்ச."

"அந்தக் குட்டியள் எங்க?"

"வித்த. எல்லாத்துக்கும் ரசீதுத் துண்டு இருக்கு."

"அப்ப அதையும் சேத்தா எத்தின?"

எவ்லின் நேர்மையாகப் பதில் சொல்லச் சொல்லக் கணக்கு அவளுக்கு எதிராகவே கூடிக்கொண்டு போனது. அவள் சொன்ன ஐந்தை யாரும் எழுதிவைத்திருக்கவில்லை. யாரோ சொன்ன பதினேழு சபையின் முத்திரையோடு கோப்பில் இருந்தது.

4

இந்த இடத்தில் பர்ஸானாவை ஒரு கொடுமைக்காரியாக்கப் பார்த்தேன். கதைக்கு வசதி. 'அவளுடைய உதட்டில் ஓர் ஏளனப் புன்னகை —' என்று தொடங்கிவிட்டு அழித்தேன். எவ்லினே அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை போகும்போது கேட்டாளாம்: "மிஸ், விசர் வந்த நாய் ஒண்டு கடிச்சி ஒரு புள்ள மௌத்தாகினா ஆரு பொறுப்பு? நான் எழுதாம விட்டா நான்தான." சரியான கேள்வி. பன்னிரண்டு நாய் தடுப்பூசி இல்லாமல் எங்கோ அலைகிறதென்று நம்புகிற ஒரு அதிகாரி செய்யவேண்டியதைத்தான் அவள் செய்தாள். கதையில் வில்லன் வேண்டுமென்றால் முதலாம் பகுதியில் ஒருவன் இருக்கிறான், அவனை வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் பதிவுத்தபாலில் வந்தது. பதினான்கு நாளுக்குள், மீதிப் பன்னிரண்டு நாய்களும் எங்கே, யாரிடம், எப்போது கொடுக்கப்பட்டன என்று எழுத்தில் விளக்கவேண்டும். தவறினால் அனுமதி மறுக்கப்படும், விசாரணை நடக்கும். அனுமதி மறுக்கப்பட்டால் மூன்று நாய்தான் நிற்கலாம்.

எவ்லின் சபைக் கந்தோருக்குப் போனாள். ஐந்துதான், ஒருநாளும் ஐந்துக்கு மேல் பெரிய நாய் வளர்த்ததில்லை என்று சொன்னாள். எழுத்தில் தாருங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தாள். ஆதாரம் தாருங்கள் என்றார்கள். இல்லாத நாய் இல்லை என்பதற்கு என்ன ஆதாரம் கொடுப்பது?

அதற்குள் கதை வெளியே போய்விட்டது. நான் எழுதிய நாய்கள் ஊருலாவத் தொடங்கின. பறங்கி மனிசி பன்னிரண்டு அல்சேசனை இரவோடிரவாக லொறியில் ஏற்றிக் காட்டுப்பக்கம் விட்டுவிட்டாவாம். பனிச்சங்கேணியில் இரண்டைக் கண்டார்களாம். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது: 'பன்னிரண்டு விசர் நாய், பிள்ளைகளைத் தனியே விடவேண்டாம்.' என் மகளே அதை எனக்கு அனுப்பிவைத்தாள், "வாப்பா கவனம்" என்று. நானும் "சரி மகள்" என்று பதில் போட்டேன். வெட்கம் கெட்டவன்.

அன்னப்பூரணி ஓடி வந்தார். "நானா, நான் பதினேழு எண்டு சொல்லல்லயே! இப்ப என்ன செய்யிற?"

"பேசாம இரிங்க," என்றேன். "பேர் போடாத கடிதம்தானே. தானா அடங்கும்."

அவர் பேசாமல்தான் இருந்தார். நானும் இருந்தேன். எனக்கு இன்னொரு பயமும் இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. ஒரு சோனகன் பறங்கிக்கு எதிராகப் பொய் எழுதினான் என்று வந்தால், அது றவூப் என்கிற நான் செய்ததாக நிற்காது, ஊர் செய்ததாகப் போய்விடும். இந்தப் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது புரியும். ஆனால் அதுவும் ஒரு சாட்டுத்தான்.

5

கரடியனாற்றுப் பக்கம் ஒரு வயல் வட்டையில், பகல் பதினொரு மணிக்கு, ஆறேழு பேர் சேர்ந்து ஒரு நாயை அடித்துக் கொன்றார்கள். மண்ணிற நாய், முதுகு கறுப்பு. படம் பிடித்துப் போட்டார்கள்: 'பன்னிரண்டில் ஒன்று முடிந்தது.'

அடுத்தநாள் பர்ஸானா எவ்லினுக்கு அழைப்பெடுத்தாள். ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னாள்: "ஒண்டு கணக்குல வந்திட்டு மிஸ். கோப்புல பதிஞ்சிட்டன். இன்னம் பதினொண்டுதான்."

எவ்லின் போனை வைத்துவிட்டு, அன்றே பஸ் பிடித்துக் கரடியனாற்றுக்குப் போனாள். என்னத்துக்குப் போனீர்கள் என்று நேற்றுக் கேட்டேன். "செத்த நாய்க்கு ஒரு ஆள் இருக்குமெல்லா," என்றாள்.

ஆள் இருந்தார். வயல் காவலுக்கு நிற்கிற ஒரு மனிதர். ஒரு வாடிக் குடிசையில் தனியாக இருந்தார். நாயை வரம்போரம் புதைத்து, பன்றி கிளறாமலிருக்க மேலே முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்.

"அது என்ட நாயில்லை எண்டு சொல்ல வந்தன்," என்றாள் எவ்லின்.

"தெரியும் அக்கா. என்ட நாய். ஆறு வருசமா என்னோட நிண்டது. கத்திக் கத்திச் சொன்னன், அவனுகள் கேக்கல்ல."

அவளுக்கு ஒரு நிமிடம் பெரிய நிம்மதியாக இருந்தது. முதல்முறையாக ஒரு மனிதர் அவளை நம்புகிறார். அந்த நிம்மதியில் அழுகை வந்தது.

(அழுகை வந்ததென்று அவள் சொல்லவில்லை. நான் போட்டேன்.)

அந்த மனிதர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். கொடுத்துவிட்டு, கோபமில்லாமல், ஒரு சாதாரண விஷயம் சொல்வதுபோல் சொன்னார்: "உங்கட பன்ரெண்டையும் நீங்க கட்டி வெச்சிருந்தா என்ட நாய் செத்திருக்காது."

தன் நாயைத் தன் கையால் புதைத்தவர் அவர். செத்தது அந்தப் பன்னிரண்டில் ஒன்று அல்ல என்று உலகத்தில் அவருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். அவரும் பன்னிரண்டு இருப்பதை நம்பினார். எவ்லின் ஐந்துதான் என்று சொல்ல வாயெடுத்து, அந்த முள்ளைப் பார்த்துவிட்டு, "பிழைதான் தம்பி," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

6

அவள் என் கடைக்கு வந்தது நேற்று. விசாரணை இன்று பின்னேரம் இரண்டு மணிக்கு. புருஷனின் மரண அறிவித்தலும் வீட்டு உறுதியும் நான் தட்டச்சு செய்தவை. எழுத்து வேலை என்றால் அவளுக்கு வேறு ஆள் தெரியாது.

(அவள் படியேறியபோது நான் விசைப்பலகையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். இது அவள் சொன்னதல்ல, ஆனால் நான் போட்டதும் அல்ல.)

"நானா, ஒரு கடிதம் வேணும். பன்ரெண்டு நாயும் என்னட்ட இருந்தது, நல்ல இடங்களுக்குக் குடுத்திட்டன், அடிபட்டுச் செத்தது அதில ஒண்டில்லை எண்டு. எல்லாம் தூர இடமாப் போடுங்க. நீர்கொழும்பு, கண்டி, காலி. இவங்கள் அங்க போய்த் தேடமாட்டாங்கள்."

"இல்லாத நாயை இருந்ததெண்டு கையெழுத்துப் போடப் போறிங்களா?"

"இருந்ததெண்டு சொன்னாத்தான் போனதெண்டு சொல்லலாம். போனதெண்டு தெரிஞ்சாத்தான் அடிக்கிறதை விடுவாங்கள். இல்லாட்டி இன்னம் பதினொரு நாயை அடிப்பாங்கள் நானா. ஆரடதெண்டு இல்லாம அடிப்பாங்கள்."

"அனுமதி?"

அவள் மடியில் இருந்த கைப்பையைத் திறந்து மூடினாள். "கிடைக்காது. ஒப்புக்கொண்டா வழக்கில்லையாம், எச்சரிக்கை மட்டும். ரெண்டு நாய் போகவேணும். கிங்கும் புளோராவும் எண்டு நினைச்சிருக்கன். குட்டி போடுறதை வெச்சிருந்தா திரும்பவும் சந்தேகப்படுவாங்கள்."

"வயித்தில குட்டியோடயா?"

"சபை எடுக்குமாம்." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் நானா எழுத வரும். உண்மை மாதிரி எழுதித் தாங்க. நான் எழுதினா உண்மையையே ஆரும் நம்புறாங்கள் இல்லை."

அப்போது சொல்லியிருக்கலாம். வாயும் திறந்தேன். "நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க," என்றுதான் வந்தது. பெட்டிசக்காரனின் மானம் தொண்டையில் நின்றது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் அது வெறும் பயம்.

7

இனி முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

(அ) கடிதம். அதை எழுதியும்விட்டேன், இந்தத் தாள்களுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. எழுதத் தொடங்கியபோது நாலு வரியில் முடிக்கலாம் என்றுதான் இருந்தேன். 'சுல்தான், ஆண், மூன்று வயது, நீர்கொழும்பில் ஒரு மீன் வியாபாரிக்கு. லேடி, பெண், காலியில் ஓய்வுபெற்ற ஒரு தபாலதிபருக்கு.' ஏழாவது நாய்க்கு இடது காது மடிந்திருக்கும் என்று எழுதினேன். யாரும் கேட்கவில்லை. கை தானாகப் போனது. பன்னிரண்டும் முடிந்து நிமிர்ந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன், இரண்டாம் தரமும் ஊத நன்றாகத்தான் இருக்கிறதென்று நினைக்கிறான். இந்த முடிவில் தெருநாய்கள் தப்பும். புளோரா போய்விடும்.

(ஆ) நான் இரண்டு மணிக்கு விசாரணைக்குப் போய், பதினேழு என்பது என் கற்பனை என்று சொல்கிறேன். பர்ஸானா கேட்பாள்: "கண்ணாரக் கண்டெண்டு எழுதினது பொய்யெண்டா, இப்ப சொல்றது மெய்யெண்டு எப்பிடி நம்புற? மிஸ் உங்களுக்குப் பழக்கமானவதான? உறுதியெல்லாம் நீங்கதான அடிச்சிக் குடுத்த?" பொய்யன் தன்னைப் பொய்யன் என்று சொன்னால் அதையும் சேர்த்துத்தான் சந்தேகிப்பார்கள்.

(இ) புளோரா பன்னிரண்டு குட்டி போடுகிறது, கணக்குச் சரியாகிறது. இப்படி முடித்தால் கைதட்டுவார்கள். கரடியனாற்று மனிதரின் முகத்தை நினைத்துக்கொண்டு இதை எழுத முடியுமா என்று பாருங்கள். என்னால் முடியவில்லை.

நாலாவது —

எவ்லின் வந்துவிட்டாள். பத்தாக இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது.

8

இரண்டையும் அவளிடம் கொடுத்தேன். கடிதத்தை ஒரு கையில், ஒன்று தொடக்கம் ஏழு வரையுள்ள இந்தத் தாள்களை மறுகையில். "எது நானா?" என்றாள். "முதல்ல இதை வாசிங்க," என்றேன்.

முன்னால் இருக்கிற வாங்கில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டாள். முதல் வரியில் நின்றுவிட்டாள். எழும்பிப் போகப்போகிறாள் என்று நினைத்தேன், ஏசுவாள் என்று நினைத்தேன். என்னைப் பார்க்கவே இல்லை. தொடர்ந்து வாசிக்கிறாள். வாசிக்கும்போது உதடு அசைகிறது.

அவளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். விசைப்பலகைச் சத்தம் கேட்கிறவரை இரண்டு பேரும் கதைக்கத் தேவையில்லை.

இரண்டாம் தாளைக் கீழே வைத்துவிட்டாள். மூன்றாம் தாள். ரிபன் வருகிற இடம். அவளுடைய காதுமடல் சிவந்துபோயிருக்கிறது. ஒரு பொடியன் போட்டோக் கொப்பி எடுக்க வந்தான், பிறகு வா என்று அனுப்பிவிட்டேன்.

நாலாம் தாள்.

ஐந்தாம் பகுதியில் முதல்முறையாக வாய் திறந்தாள், தலை நிமிராமல்: "பஸ்ஸில போகல்ல. பஸ் போயிட்டுது. கல் ஏத்துற லொறி ஒண்டு மறிச்சித்தான் போன நான்." மேசையில் கிடந்த என் பேனையை எடுத்து 'பஸ் பிடித்து' என்பதை வெட்டினாள். அதற்குக் கீழே, அழுகை வந்தது என்று நான் போட்ட அடைப்பில் பேனை கொஞ்ச நேரம் நின்றது. அதை வெட்டவில்லை.

மன்னிப்புக் கேட்க எத்தனை வசனம் தெரியும் எனக்கு! ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்றும் கிட்ட வரவில்லை. எவ்லின் தங்கச்சி, உங்களுக்கு நான் செய்தது பெரிய அநியாயம். இவ்வளவுதான் வருகிறது. இதில் அலங்காரம் ஒன்றும் இல்லை.

அவள் ஏழாம் பகுதியை முடித்துவிட்டாள். தாள்களை மடியில் தட்டி ஒழுங்காக அடுக்குகிறாள். பன்னிரண்டு நாய்க் கடிதம் பக்கத்தில் இருக்கிறது. அதன் அடியில் அவளுடைய கையெழுத்துக்கு நான் நேற்று விட்ட இடம் வெறுமையாகக் கிடக்கிறது. கடிகாரத்தில் பத்து நாற்பது. சபைக்குப் போக அரை மணித்தியாலம் போதும்.

இனி என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல என்னால் முடியாது. அவள் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு இரண்டு நாயைக் கொடுக்கலாம். இந்தத் தாள்களைக் கொண்டுபோய்ப் பர்ஸானாவின் மேசையில் வைக்கலாம், வைத்தாலும் பர்ஸானா இதை ஒரு கதைக்காரனின் சோடிப்பு என்று தள்ளிவிடலாம். இரண்டையும் கிழித்து என் முகத்தில் எறியலாம், அதற்கும் அவளுக்கு உரிமை உண்டு. விசாரணைக்கு நான் கூடப் போகிறேன். அவள் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் போய் அந்த வாங்கில் இருப்பேன். நம்புவதும் நம்பாததும் அவர்களுடைய பாடு.

"மத்தத் தாள் எங்க?" என்று கேட்டுக் கையை நீட்டுகிறாள்.

மற்றத் தாள் இதுதான். நான் எழுதிக்கொண்டிருக்கும்வரை இதை அவளிடம் கொடுக்க முடியாது. கொடுத்த பிறகு நடப்பதை இதில் எழுத முடியாது. அச்சுப் பட்டனில் விரலை வைத்துவிட்டேன். இந்த விஷயத்தில் நான் எழுதிய ஒன்றுக்குக் கீழே முதல்முறையாகப் பெயர் போடுகிறேன்.

பதினேழு என்று எழுதியவர்:
ஏ. எல். றவூப்,
ஏறாவூர்.